அச்சேறுமுன் படித்தவர் யார்?

சென்ற தவக்காலத்தில், திருவதிகையில் வாழும் அன்பர் ஒருவரின் தாயாருக்கு நற்கருணை வழங்கச் சென்றிருந்தோம். அம்மூதாட்டியின் கட்டிலுக்கு அருகே, சுவரை மறைத்தவாறு, கயிறு பிரிக்கப்படாத புத்தகக் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. அடிக்கட்டுகளில் கறையான் ஏறியிருந்தது. அவை யாவும் ஒரே நூலின் படிகள். அந்த அன்பர் எழுதிய நாவல் அது. நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர், தம் பணிக்கொடையிலிருந்து இரண்டு இலட்சம் ரூபாயை எடுத்து ஆயிரம் படிகள் அச்சிட்டார். விற்றவையும் நண்பர்களுக்கு வழங்கியவையும் இருநூறைத் தாண்டவில்லை. எஞ்சியவை அச்சுவரோரம் நின்றன.

வழிபாடு முடிந்து எழுந்தபோது மூதாட்டி நம் கையைப் பற்றிக்கொண்டு, "நம்ம ஊரப் பத்தி எழுதியிருக்கானே, நீங்க படிச்சீங்களா சாமி?" என்று கேட்டார்.

அந்நூலின் கையெழுத்துப்படி அச்சேறுவதற்கு முன் இரண்டு மாதம் நம் மேசைமீது கிடந்தது. முப்பது பக்கங்கள் படித்தோம். பின்னர்த் திருவிழாப் பணிகள் வந்தன. "நன்றாக இருக்கிறது, துணிந்து அச்சிடுங்கள்" என்று கூறி, ஆசீர் அளித்துத் திருப்பிக் கொடுத்தோம். மூதாட்டியின் கேள்விக்கு அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. புனைகதை எழுதுவோர் தம் நூலைத் தாமே வெளியிடுவதா, பதிப்பகத்தை நாடுவதா என்பது பற்றி இங்கு எழுதத் துணிவது, அவ்விடையைத் தேடும் முயற்சியே.

செலவுக் கணக்கு

இவ்விரு வழிகளையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் பணத்தை வைத்தே ஒப்பிடுகின்றனர். அதனை நாம் இகழ வேண்டியதில்லை. கோபுரம் கட்ட எண்ணுபவர் முதலில் அமர்ந்து செலவைக் கணிக்க வேண்டும் என்பதை ஆண்டவரே உவமையாகக் கூறியதை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம்.

பதிப்பகம் ஒரு நாவலை ஏற்றுக்கொண்டால் அச்சுச் செலவும் விற்பனைப் பொறுப்பும் அதனுடையவை. எழுத்தாளருக்கு நூல் விலையில் நூற்றுக்கு 10 என்ற அளவில் உரிமைத்தொகை தருவது வழக்கம். சொந்தப் பதிப்பில் வரவு முழுவதும் எழுத்தாளருக்கே என்பர். ஆனால் கடைக்காரருக்குரிய கழிவு, அஞ்சற் செலவு, கடனாகச் சென்று காசாகத் திரும்பாத படிகள், தாட்சணியத்திற்காக இலவசமாகக் கொடுத்தவை ஆகியவற்றைக் கழித்த பின்னரே அது வரவா செலவா என்பது விளங்கும்.

முன்னாளில் 1000 அல்லது 1200 படிகள் அச்சிட்டாலன்றி விலை கட்டுப்படியாகாது. இன்று தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டது. ஐம்பது படிகள் மட்டும் அச்சிடவும் முடிகிறது. மின்னூலாயின் அச்சுச் செலவே இல்லை; அமேசான் நிறுவனத்தின் கிண்டில் தளத்தில் நிபந்தனைகளுக்கேற்ப விலையில் நூற்றுக்கு 35 அல்லது 70 எழுத்தாளருக்குக் கிடைக்கிறது. நூலுக்குரிய பன்னாட்டுத் தர எண்ணை நடுவண் அரசின் கல்வி அமைச்சகத்தைச் சார்ந்த முகமை கட்டணமின்றியே வழங்குகிறது. தம் நூலைத் தாமே வெளியிடுவோரும் அதைப் பெறலாம். இவ்வெண்ணைப் 'பெற்றுத் தருவதற்கு' என்று சிலர் பணம் வசூலிப்பதால் இதனை இங்குக் குறிப்பிடுகிறோம்.

ஆகவே, கையில் பணமில்லை என்பதால் ஒரு நாவல் பெட்டியில் உறங்க வேண்டிய நிலை பெருமளவு மாறிவிட்டது. அச்சிடுவது எளிதாகிவிட்ட இக்காலத்தில்தான், அச்சிடுவதற்கு முன் நடக்க வேண்டியதைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது.

சொந்தப் பதிப்பு இழிவன்று

தன் செலவில் நூல் வெளியிடுவோரைப் பதிப்பகங்கள் ஒதுக்கித் தள்ளியவர்கள் என்று கருதும் பழக்கம் நம்மிடையே உண்டு. நம் இலக்கிய வரலாறு அதற்கு இடம் தரவில்லை. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சேறியது. அதன் ஆசிரியர், மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, நம் கத்தோலிக்கத் திருமறையைச் சார்ந்தவர். நாவல் என்பதே தமிழுக்குப் புதிதாயிருந்த அந்நாளில், அதனை ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ புனைகதைப் பதிப்பகம் என்று ஒன்று ஏது? 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்று அப்பணியை முடித்தார். கடல் கடந்து பார்த்தாலும், பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் தம் பெருநாவலின் முதற்பகுதியை 1913இல் தம் செலவிலேயே வெளியிட நேர்ந்தது. அதனை மறுத்தவர்களுள் ஒருவரான ஆந்திரே ழீத் பின்னர் அதற்காக மிகவும் வருந்தினார். பதிப்பாளரின் மறுப்பு இறைவாக்கன்று. அதிலும் பிழை நேரும்.

நம் தலைமுறைக்கு நெருக்கமான சான்று சி.சு. செல்லப்பா. வத்தலகுண்டைச் சார்ந்த இவர் விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, எழுத்து பிரசுரம் என்ற பெயரில் நூல்களையும் வெளியிட்டார். புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். தம் எண்பத்தைந்தாம் அகவையில், 1997இல், விடுதலைப் போராட்டக் காலத்தைப் பொருளாகக் கொண்ட 'சுதந்திர தாகம்' என்னும் நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் மறைந்தார். 2001ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி விருது அந்நாவலுக்கு வழங்கப்பட்டபோது அதைப் பெற அவர் இல்லை.

செல்லப்பாவின் இரு நூல்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நம் பொருளுக்கு உதவும். 1959இல் நூலாக வந்த 'வாடிவாசல்' நூறு பக்கத்திற்கு உட்பட்ட குறுநாவல். தந்தையைக் கொன்ற காரிக் காளையை அடக்க வரும் பிச்சி, உடன் வரும் மருதன், மேடையில் வீற்றிருக்கும் ஜமீன்தார், ஒரு மாலைப் பொழுது: இவ்வளவே கதை. தேவையற்ற சொல் என்று அதில் ஒன்றைச் சுட்டுதல் அரிது. 'சுதந்திர தாக'மோ ஆயிரம் பக்கங்களைக் கடந்து விரியும் பெருநூல். கண்ணால் கண்டதை விட்டுவிடக் கூடாது என்ற முதியவரின் கடமையுணர்வு அதில் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அவ்வுணர்வே பல இடங்களில் கதையை நிறுத்திவைத்துச் செய்தியைப் பேசவிடுகிறது என்பது நம் வாசிப்பில் பட்டது. "இதனை விட்டுவிடலாமே" என்று உரிமையோடு கூறும் ஒருவர் அருகில் இருந்திருந்தால், மதிப்பிற்குரிய அந்நூல் இன்னும் பலர் விரும்பிப் படிக்கும் நூலாகவும் ஆகியிருக்கும்.

இரண்டிற்கும் எழுத்தாளர் ஒருவரே. பிறர் தயவை நாடாத வெளியீட்டு முறையும் ஒன்றே. எனவே ஒரு நூலின் இறுக்கமும் தளர்ச்சியும் அச்சுக்கூலி கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்தவை அல்ல.

வரி வரியாகப் படித்தவர்

பதிப்பகம் தரக்கூடிய மிகப் பெரிய உதவி எது என்பதற்கு நம் கடலூர் மாவட்டமே சான்று தருகிறது. விருத்தாசலம் பகுதியைச் சார்ந்த ஆசிரியர் இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' 1994இல் சென்னை க்ரியா பதிப்பக வெளியீடாக வந்தது. ஆரோக்கியம் என்னும் கிறிஸ்தவ வண்ணார் பெண்ணின் வாழ்க்கை அது. ஒடுக்கப்பட்டோராலும் ஒடுக்கப்படும் ஒரு குடும்பம், ஊராரின் துணி வெளுத்து, ஊர்ச்சோறு எடுத்து, அவர்களுடைய பிறப்பிலும் இறப்பிலும் ஊழியம் செய்து வாழ்வதை, ஒப்பனையின்றி நம் வட்டார வழக்கிலேயே கூறுகிறது. நம் ஆலயங்களின் பின்வரிசையில் நின்றவர்களை நமக்கு அறிமுகப்படுத்த ஒரு நாவல் வேண்டியிருந்தது என்பதை எண்ணி நாம் நாணத்தான் வேண்டும்.

1974இல் தொடங்கப்பட்ட க்ரியாவின் ராமகிருஷ்ணன், எழுத்தாளரோடு அமர்ந்து வரி வரியாகப் படித்துச் செம்மையாக்குவதைப் பதிப்பின் முதற்கடமையாகக் கொண்டவர். தற்காலத் தமிழுக்கு அகராதி தந்தவர். அதன் விரிவாக்கிய பதிப்பு வெளிவந்த சில நாட்களில், 2020 நவம்பரில், பெருந்தொற்றினால் மறைந்தார். சொல்லின் பொருளை எடைபோட்டே பழகிய ஒருவர், ஒரு கிராமத்து இளைஞரின் முதல் நாவலை எடுத்துக்கொண்டபோது அவர் அதனை நகரத்துத் தமிழாக மாற்றிவிடவில்லை. அவ்வட்டார மொழி அதன் முழு வலிமையோடு நிற்க இடம் கொடுத்தார். பதிப்பாசிரியர் என்பவர் எழுத்தாளரின் குரலைத் தம் குரலாக மாற்றுபவர் அல்லர். அக்குரலுக்குக் குறுக்கே நிற்பவற்றை நீக்குபவர். இமையம் தொடர்ந்து க்ரியாவிலேயே எழுதினார். 2020ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற 'செல்லாத பண'மும் அப்பதிப்பக நூலே.

எரேமியா நூலின் முப்பத்தாறாம் அதிகாரம் இங்கு நினைவுக்கு வருகிறது. இறைவாக்கினர் சொல்லச் சொல்ல எழுதினார் பாரூக்கு. அரசன் அச்சுருளை அறுத்து அறுத்து நெருப்பிலிட்டான். பாரூக்கு இன்னொரு சுருளில் மீண்டும் எழுதினார். எழுத்தாளருக்குத் தேவை அத்தகைய துணை. தமிழில் அப்படிப்பட்ட பதிப்பாசிரியர்கள் மிகச் சிலரே என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பிழை திருத்துவதையே செம்மையாக்கம் என்று எண்ணும் பதிப்பகங்கள் பல. அங்குச் சென்றால் எழுத்தாளருக்குக் கிடைப்பது அட்டையில் ஒரு பெயர் மட்டுமே.

மூன்றாவது வழி

சொந்தக் காசு, வணிகப் பதிப்பகம் என்ற இரண்டிற்கும் அப்பால் ஒரு வழி உண்டு என்பதைக் காட்டியது பாமாவின் 'கருக்கு'. துறவற இல்லத்தை விட்டு வெளியேறிய ஒரு தலித் பெண், தம் வேதனை தீர எழுதியவை அப்பக்கங்கள். அவற்றை நூலாக்குமாறு தூண்டியவர் ஓர் அருள்தந்தை. 1992இல் அதனை வெளியிட்டது இயேசு சபையினரின் மதுரைச் சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். கன்னியர் இல்லங்களில் நிலவிய சாதி வேற்றுமையைப் பெயரிட்டுச் சொன்ன நூலைத் திருச்சபையைச் சார்ந்த ஒரு நிறுவனமே அச்சிட்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது. இலக்கண வரம்பை மீறிய பேச்சுமொழியை அவர்கள் 'திருத்தி'விடவில்லை. நூல் வந்த புதிதில் சொந்த ஊராரே சினந்தனர். பின்னர் அவர்களே அதனைத் தம் நூலாக ஏற்றனர். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டில் கிராஸ்வேர்ட் விருது பெற்றது.

அந்நூல் பாமா தனியே அச்சிட்டதும் அன்று. சந்தையை நோக்கி ஒரு வணிகர் அச்சிட்டதும் அன்று. அதைப் படித்து, அதன் உண்மையை நம்பி, அதனால் வரும் பழியில் பங்கேற்க முன்வந்த ஒரு சிறு குழு அதனைத் தாங்கியது. மறைமாவட்ட மையங்களும் பங்கு மன்றங்களும் ஏன் இதனைச் செய்யக் கூடாது என்ற கேள்வியை 'கருக்கு' முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தடையில்லை என்னும் சொல்

மறைக்கல்வி நூல்களின் முதற்பக்கத்தில் 'தடையில்லை' என்றும் 'அச்சிடலாம்' என்றும் அச்சிட்டிருப்பதை நம் வாசகர் அறிவர். ஒருவர் முழுமையாகப் படித்துத் 'தடையில்லை' என்று சொன்ன பிறகே ஆயர் 'அச்சிடலாம்' என்கிறார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி விவிலியப் பதிப்புகள், மறைக்கல்வி நூல்கள், வழிபாட்டு நூல்கள் போன்றவற்றிற்கே இவ்விசைவு வேண்டும், நாவலுக்கு வேண்டியதில்லை. வேண்டும் என்று நாம் கூறவும் இல்லை. படிப்பவரின் அதிகாரம் அளவு மீறினால் என்னவாகும் என்பதை, 1966இல் கைவிடப்பட்ட தடைநூற்பட்டியலின் வரலாறு போதுமான அளவு காட்டியிருக்கிறது.

எனினும் அவ்வழக்கத்தின் உள்ளே ஓர் உண்மை உள்ளது. ஒரு நூலை எழுதியவர் தாமே அதற்குச் சான்று கூற இயலாது. 'இல்லை' என்று சொல்லும் உரிமையுடைய மற்றொருவர் அதனைக் கடைசி வரை படித்திருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் நிறுவனங்களை நாம் அஞ்சுவது இதனாலேயே. அவை பதிப்பகத்தின் பெயரைத் தருகின்றன. பதிப்பகத்தின் வேலையைச் செய்வதில்லை. நம் அன்பரின் நாவலை அச்சிட்டவர்கள் அவரிடமிருந்து இரண்டு இலட்சம் பெற்றார்கள். ஓர் அதிகாரத்தில் கதைத்தலைவியின் பெயர் மரியம்மாள் என்றும் அடுத்ததில் சவேரியம்மாள் என்றும் இருந்ததைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. அவர்களை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. 'துணிந்து அச்சிடுங்கள்' என்று நாம் கூறியதும் படியாமல் கொடுத்த இசைவே. அவர்கள் அதற்குப் பணம் பெற்றார்கள். நாம் நன்றியைப் பெற்றோம்.

ஆகவே எழுதும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. பதிப்பகத்தை நாடுவோர், "என் நாவலைப் படித்தவர் யார்? எதை மாற்றச் சொல்கிறார்?" என்று முதலில் கேட்க வேண்டும். ஒன்றையும் மாற்றச் சொல்லாமல் தொகையை மட்டும் சொல்லும் இடத்திலிருந்து கையெழுத்துப்படியோடு திரும்பிவிடுதல் நலம். தாமே வெளியிடுவோர், தம்மைப் புகழ வேண்டிய கட்டாயம் இல்லாத இருவருக்காவது முழுவதையும் கொடுத்துப் படிக்கச் செய்து, அவர்கள் கூறுவதைக் கேட்டு ஒருமுறையாவது திரும்ப எழுத வேண்டும். பின்னர் ஐம்பது படிகள் அச்சிட்டுப் பார்க்கலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தவாறு கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னை கன்னிமாரா நூலகத்திற்கும் மற்ற இரு நூலகங்களுக்கும் படிகளை அனுப்பிவைத்தால், விற்றாலும் விற்காவிட்டாலும் அந்நூல் எங்கேனும் இருக்கும்.

இருப்பது மட்டும் போதாது என்பதையும் நம் ஊரே அறியும். திருநாவுக்கரசர் முதற்பதிகம் பாடிய தலம் திருவதிகை. மூவர் பாடல்களின் ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையில் கறையான் அரித்துக் கிடந்தன என்றும், பெரும்பகுதி அழிந்து எஞ்சியவையே கிடைத்தன என்றும் சைவ மரபு கூறும். எஞ்சியவை இன்றும் வாழ்வது, ஓதுவார்கள் நாள்தோறும் பாடுவதால். கறையான் ஏடென்றும் அச்செனவும் பார்ப்பதில்லை.

அந்த நாவல்

மூதாட்டியின் கேள்விக்குப் பின் அந்நாவலை முழுவதும் படித்தோம். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். முதல் இருநூறு பக்கங்களில் நெய்வேலியின் வரலாறு உள்ளது. 1956இல் நிறுவனம் தோன்றியது முதல் சுரங்கங்கள், அனல்மின் நிலையங்கள், அவற்றின் உற்பத்தி அளவு வரை அனைத்தும் வரிசையாக வருகின்றன. அவை நாவலுக்குரியவை அல்ல. 'நான் பொய் சொல்லவில்லை' என்று காட்டும் பதற்றம் அவற்றில் தெரிகிறது.

இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் நாவல் தொடங்குகிறது. சுரங்கத்திற்காக ஊர் எடுக்கப்படுகிறது. மக்கள் கதவையும் ஓட்டையும் ஆட்டுக்கல்லையும் வண்டியில் ஏற்றுகிறார்கள். ஒரு தாய், ஆறு வயதில் இறந்த தன் பெண்ணின் கல்லறைக்குச் சென்று ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொள்கிறாள். அடுத்த நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளில், மற்றவர்கள் புதிய ஊரின் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்ற, அவளுக்கு ஏற்றுவதற்கு இடமில்லை. நெடுந்தூரம் நடந்து, சுரங்க வேலியின் ஓரம், காற்றுக்குக் கையை மறைத்து ஒரு திரியை ஏற்றுகிறாள். காவலர் வந்து பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிச் செல்கிறார். ஆறு பக்கங்கள். அவற்றில் திருத்த வேண்டிய சொல் ஒன்றுமில்லை. ஆனால் 1998இல் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் ஓர் ஆண்டு அந்நூலைக் கையிலெடுத்துப் புரட்டிவிட்டு வைத்தவர்களுள் எவரும் அப்பக்கத்தை எட்டியிருக்க மாட்டார்கள்.

கையெழுத்துப்படி நம் மேசையில் இருந்தபோதே நாம் படித்திருந்தால், "இங்கிருந்து தொடங்குங்கள்" என்ற ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதனைக் காலந்தாழ்த்திச் சொன்னோம். அன்பர் சற்று நேரம் பேசவில்லை. பின், "அந்த இருநூறு பக்கம் எழுத ரெண்டு வருசம் ஆச்சு சாமி" என்றார். சினந்தாரோ என்று அஞ்சினோம். இரண்டு வாரம் கழித்து ஒரு புதிய குறிப்பேட்டோடு வந்தார். இப்போது ஞாயிறு மாலைகளில், பள்ளி ஆசிரியை ஒருவரும் கல்லூரி மாணவர் ஒருவரும் நாமுமாக நால்வர் அமர்ந்து அதிகாரம் அதிகாரமாகப் படிக்கிறோம். அதனைப் பதிப்பகத்திற்கு அனுப்புவதா, தாமே அச்சிடுவதா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் நூல் முடியட்டும் என்கிறார்.

அன்பு வாசகர்களே, உங்கள் பங்கிலும் எவரேனும் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கக்கூடும். அவர் கொண்டுவந்து தரும் தாள்களைப் புகழ்ந்து திருப்பிவிடாதீர்கள், படியுங்கள்.

தவக்காலம் முடிவதற்குள் திருவதிகைக்கு மீண்டும் சென்றோம். மூதாட்டிக்குக் கண் பார்வை இல்லை. கட்டிலருகே அமர்ந்து அந்த ஆறு பக்கங்களை உரக்கப் படித்தோம். முடித்தபோது அவர், "காவக்காரர் திரும்பிப் போகல சாமி, அவரும் கொஞ்ச நேரம் நின்னாரு" என்றார். அன்பர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.